கண்ணை விடச் சொன்னார், காதைச் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் காவிரிக் கரையில் உள்ள ஒரு வேத பாடசாலையைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. குடுமியும் பஞ்சகச்சமுமாகப் பிள்ளைகள் படித்துறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டுரையில், 'அந்தக் காலத்துக் கண்டிப்பு இங்கே இன்னும் அப்படியே இருக்கிறது' என்று ஒரு வரி. பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். அந்தக் காலத்துக் கண்டிப்பில் நான்கு வருஷம் இருந்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சாமி கும்பிடாதவன் இல்லை. இந்த எழுபத்திரண்டு வயதிலும் மூன்று வேளை சந்தி பண்ணுகிறேன். ருத்ரமும் சமகமும் புத்தகம் பார்க்காமல் வரும். அந்த நான்கு வருஷத்தில் வந்ததுதான். இதைச் சொல்லாவிட்டால் எங்கள் தெருவில், 'யாரோ கறுப்புச் சட்டைக்காரன் எழுதியிருக்கான்' என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள்.

1961 வைகாசியில் எனக்குப் பூணூல் போட்டார்கள். எட்டு வயது. அடுத்த மாதமே அப்பா குடமுருட்டிக் கரையில் இருந்த ஒரு பாடசாலையில் கொண்டுபோய் விட்டார். வீட்டில் ஐந்து பிள்ளைகள், அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. ஒரு வயிறு குறைந்தால் சௌகரியம் என்பதும் அதில் இருந்தது. இதை அவர் சொன்னதில்லை, அம்மா பிற்பாடு சொன்னாள். பாடசாலையில் பதினாறு பையன்கள். யாரோ ஒரு மிராசுதார் அந்தக் காலத்தில் எழுதிவைத்த நிலத்திலிருந்து குத்தகை நெல் வந்துகொண்டிருந்தது. வந்தால் சாப்பாடு, வராவிட்டால் கஞ்சி.

பாடம் சொல்லிக் கொடுக்கும் முறை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏடு, சிலேட்டு எதுவும் கிடையாது. வாத்தியார் ஒரு தடவை சொல்லுவார், நாங்கள் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அதற்குச் சந்தை சொல்லுவது என்று பேர். சந்தை முடிந்தால் திருவை, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வது. யஜுர் வேதத்தில் எங்கள் தைத்திரீய சாகைக்கு, அதாவது கிளைக்கு, ஸம்ஹிதை 44 பன்னம் (அத்தியாயம் மாதிரி), பிராம்மணம் 28, ஆரண்யகம் 10, ஆக 82 பன்னம். அத்தனையும் காதால் கேட்டு வாயால் சொல்லியே ஏற வேண்டும். வேதத்துக்குச் சுருதி என்று பேர் வந்ததே அதனால்தான்.

எழுத்து தப்பினால் கூட வாத்தியார் மன்னிப்பார். ஸ்வரம் தப்பக் கூடாது. அதற்கு அவர் ஒரு கதை வைத்திருந்தார். இந்திரனைக் கொல்லப் பிள்ளை வேண்டும் என்று த்வஷ்டா யாகம் பண்ணினான், மந்திரத்தில் ஸ்வரம் மாறிப் போச்சு, இந்திரனால் கொல்லப்படுகிற பிள்ளை பிறந்தான். 'ஒரு ஏத்த இறக்கம்டா, அவ்வளவுதான்!' என்று சொல்லிவிட்டு விசிறியை எடுப்பார். பனையோலை விசிறி. காற்றுக்கு ஓலைப் பக்கம், எங்களுக்குக் காம்புப் பக்கம். எட்டு வயதில் நான் நிஜமாகவே நம்பினேன், நான் ஸ்வரம் தப்பினால் எங்கேயோ யாருக்கோ உயிர் போய்விடும் என்று. ராத்திரி தூக்கத்தில் திருவை சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

விசிறிக் காம்பு தவிர, தொடையின் உள்பக்கம் கிள்ளு. வேஷ்டிக்கு உள்ளே, வெளியே தெரியாத இடம். மார்கழியில் தூங்கி வழிந்தால் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒரு அனுவாகம், அதாவது வேதத்தில் ஒரு பகுதி, சொல்ல வேண்டும். இவற்றை எல்லாம் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்னால் அதில் ஒரு பெருமை கூட உண்டு, யாருக்கு எத்தனை தழும்பு என்று எண்ணிப் பார்த்துக்கொள்வோம்.

எங்களோடு ஒரு பையன் இருந்தான். நிஜப் பேர் வேண்டாம், பேரன் பேத்தி எடுத்தவன். அம்பி என்று வைத்துக்கொள்கிறேன். என் வயதுதான், என் பக்கத்து இடம். கொஞ்சம் திக்குவாய். பேசும்போது திக்குவான், சந்தையில் திக்க மாட்டான், ஏனென்றால் அங்கே கூட்டத்தோடு சொல்கிறோம். தனியாகத் திருவை ஒப்பிக்கச் சொன்னால் தொலைந்தான். அவனுக்குப் பசியும் ஜாஸ்தி.

இரண்டாம் வருஷம் ஆடி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்து கரை தொட்டு ஓடுகிறது, வயலில் நடவு. கீழத்தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். குளிக்கப் போன அம்பி, கரையோடு நடந்து போய் வரிசையில் நின்று இரண்டு கை நிறையக் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். என்னிடம் மட்டும் சொன்னான், திக்கித் திக்கி, அவ்வளவு சந்தோஷமாக. பிரம்மசாரி வெளியில் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அதிலும் மாரியம்மன் கோயில் கூழ், யார் கையால் ஊற்றினார்களோ என்பது வேறு. அந்தக் காலத்து ஆசாரத்தில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்பதையும், அந்த ஆசாரமே எவ்வளவு கோணலானது என்பதையும் உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதை வாத்தியாரிடம் சொன்னது நான்தான். அன்று காலையில் நான் இரண்டு இடத்தில் ஸ்வரம் தப்பியிருந்தேன். சாயங்காலம் ஒப்பிக்க வேண்டும். என் மேல் இருக்கிற கோபம் வேறு பக்கம் போகட்டும் என்று சொன்னேன். ஒன்பது வயதுப் பையனின் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வாத்தியார் விசிறியை எடுக்கவில்லை. திண்ணையிலிருந்து இறங்கி வந்து கையாலேயே ஒரு அறை. இடது கன்னமும் காதும் சேர்ந்து வாங்கியது. பட்டென்று சத்தம் கேட்டது, ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. அம்பி அழவில்லை. கையைக் காதின் மேல் வைத்துக்கொண்டு, ஏதோ தூரத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது போல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். இன்றைக்கும் அந்த நிற்பு என் கண்ணில் இருக்கிறது.

அதற்கு மேல்தான் தண்டனையே. ஏழு நாள் அவனோடு யாரும் பேசக் கூடாது. சாப்பாடு கொல்லைத் தாழ்வாரத்தில் தனி இலை. சந்தையில் உட்காரலாம், ஆனால் எல்லோருக்கும் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம். பதினைந்து பையன்களும் அப்படியே செய்தோம். ராத்திரி அவன் பாய் எங்கள் பாய்களிலிருந்து நான்கு முழம் தள்ளி. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவன் தூணோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். திக்காமல் பேசினான்.

காதிலிருந்து சீழ் வந்தது. வாத்தியார் வீட்டு மாமி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி விட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. கிழிந்த செவிப்பறைக்குள் எண்ணெய் விடவே கூடாது என்று எனக்கே என் பேத்திக்குக் காது வலி வந்தபோது டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

தீபாவளிக்கு அம்பியின் அப்பா வந்தார். காதைப் பற்றி அவன் சொல்லியிருக்க வேண்டும். போகும்போது திண்ணையில் நின்று வாத்தியாரிடம், 'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்கோ, மத்தபடி தோலை உரிச்சாலும் கேக்கமாட்டேன்' என்றார். அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களும் எல்லா வாத்தியார்களிடமும் சொன்ன வசனம்தான் அது, பள்ளிக்கூடத்திலும் சரி, பாடசாலையிலும் சரி. கண்ணை விடச் சொன்னார். காதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. காதாலேயே கற்க வேண்டிய படிப்புக்குப் பிள்ளையை விட்டவர்.

அம்பிக்கு அதன் பிறகு ஸ்வரம் நிற்கவில்லை. நிற்காததற்கு அடி. அடிக்குப் பயந்து இன்னும் திக்கல். 1964இல் அனுப்பிவிட்டார்கள். 'மந்த புத்தி' என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பேர் ஊருக்கும் கூடவே போயிற்று.

வாத்தியாரை ராட்சசன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அம்மை போட்டபோது பத்து நாள் வேப்பிலையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். குத்தகை நெல் வராத மாதத்தில் மாமியின் வளையலை வைத்து அரிசி வாங்கினார். அவர் முதுகில் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு, குளிக்கும்போது பார்த்திருக்கிறோம். அவருடைய வாத்தியார் கொடுத்தது. அதைத் தொட்டுக் காட்டி, 'இது இல்லேன்னா எனக்கு கனம் வந்திருக்காது' என்பார். கனம் என்பது வேதச் சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றிக் கோத்துச் சொல்லும் கடினமான பாடம். நிஜமாகவே நம்பினார். கெட்டவன் அடித்தால் ஊர் கேட்கும். நல்லவர் சாமி பேரைச் சொல்லி அடித்தால் யார் கேட்பது?

தினமும் பாடம் தொடங்கும் முன் நாங்களும் அவரும் சேர்ந்து ஒரு சாந்தி மந்திரம் சொல்வோம். 'ஸஹ நாவவது' என்று தொடங்கும். குருவும் சிஷ்யனும் சேர்ந்து சொல்ல வேண்டியது. 'மா வித்விஷாவஹை' என்று அதில் வரும். நாம் ஒருவரையொருவர் வெறுக்காமல் இருப்போமாக என்று அர்த்தம். நான்கு வருஷம் அதைத் தப்பில்லாத ஸ்வரத்தோடு சொன்னேன். அர்த்தம் எனக்கு நாற்பது வயதில், ஒரு உபந்நியாசத்தில்தான் தெரிந்தது.

நான் 1965இல் வெளியே வந்தேன். அப்பா காலமானதால் வந்தேன், தைரியத்தால் இல்லை. பன்னிரண்டு வயதில் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. அப்புறம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதி முப்பத்தெட்டு வருஷம் ஓட்டினேன். என் கதையில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆலையில் எடை போடும் இடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். கிறிஸ்தவர். அவர் தங்கை நாகப்பட்டினம் பக்கம், மருந்தே கூடாது என்கிற ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். சர்க்கரை வியாதி. மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். மாமியார் கண்டுபிடித்து, சபைக்கு முன்னால் நிறுத்தி, விசுவாசம் இல்லாதவள் என்று சொல்லி விலக்கி வைத்துவிட்டார்கள். புருஷனே ஆறு மாதம் அவளோடு பேசவில்லையாம். 'அடிச்சிருந்தா கூடத் தேவலை சார்னு சொல்றா' என்றார் அந்த அம்மா. எனக்கு அம்பியும் தூணும் ஞாபகம் வந்தது.

கூத்தாநல்லூரிலிருந்து நெல் வியாபாரத்துக்கு வரும் பாய் ஒருவர். அவர் அக்கா மகன் குர்ஆன் மனப்பாடம் பண்ண ஒரு விடுதியில் இருந்தான். உள்ளங்கை வீங்கி வீட்டுக்கு ஓடி வந்தவனை அவன் அத்தா அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுபோய் விட்டாராம். 'உஸ்தாது அடிச்ச இடத்தை நரக நெருப்பு தொடாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க' என்று சிரித்தார். சிரித்துவிட்டு, 'பையன் இப்ப தொழவே மாட்டேங்கிறான்' என்றார்.

சரி, இதெல்லாம் பழங்கதை, இப்போது சட்டம் இருக்கிறதே என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் மருமகனிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது, மனசு நோகப் பண்ணக் கூடாது என்கிறது. ஆனால் 2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மதரஸா, வேத பாடசாலை, மதக் கல்வியையே முக்கியமாகக் கற்றுத்தரும் இடங்கள் எதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். கட்டட விதி, ஆசிரியர் விதி என்று சொல்லி இந்த இடங்களை மூடிவிடக் கூடாதே என்கிற கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் களை பறிக்கப் போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினாற்போல், அடிக்கக் கூடாது என்கிற வரியும் அதோடு போய்விட்டது. எல்லா மதமும் சேர்ந்து ஒரே வரியில் விலக்கு வாங்கியிருக்கின்றன. இந்த ஒற்றுமையை வேறு எதில் பார்த்தோம்?

ஒரேயடியாகப் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் அதை அடித்து வதைத்தால் மூன்று வருஷம் வரை சிறை. அதில் மடம், சபை, மதரஸா என்று விலக்கு எதுவும் கிடையாது. 1098 என்ற நம்பரும் இருக்கிறது. ஆனால் கைபேசி கூடாது, வெளி ஆளோடு பேசக் கூடாது என்று வைத்திருக்கிற இடத்தில் எந்த ஒன்பது வயசுப் பையன் 1098ஐக் கூப்பிடுவான்? அவன் தூணோடுதான் பேசுவான்.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். 2004 ஜூலை 16ஆம் தேதி காசிராமன் தெருப் பள்ளிக்கூடத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோன அன்று ஆலையிலிருந்து ஓடி வந்து தெருமுனையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அதற்கு மூன்று வருஷம் முன்பு ஏர்வாடியில், நேர்த்தி என்று கொண்டுவிடப்பட்டுச் சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்துபோனார்கள். இரண்டு இடத்திலும் கூரையைப் பற்றிக் கேள்வி கேட்டோம். கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தோம். நல்லதுதான். இப்போது எங்கள் பக்கம் எல்லா விடுதிக்கும் காங்கிரீட் தளம் வந்துவிட்டது. அதன் கீழே என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் வரவில்லை.

வேதம் ஓதும் மரபை 2003இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தது. சந்தோஷம். எனக்கும் அதில் பெருமை உண்டு. அந்த மரபு இனி பிள்ளைகளின் பயத்தில் நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இப்போது அடிக்காமல் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். என் சகோதரி பேரன் அப்படி ஒருவரிடம்தான் படிக்கிறான். அவன் ஸ்வரம் என்னுடையதை விட சுத்தம்.

உங்கள் நிருபருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு இடத்துக்குப் போனால், எந்த மதத்து இடமானாலும், தலைமை வாத்தியாரோடு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிற பையன் எவன் என்று பாருங்கள். அவனோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் சொல்லிவிட்டுப் போகாமல், சொல்லாமல் போக வேண்டும். கலெக்டர்கள் இதை எல்லா மதத்துக்கும் ஒன்றாகச் செய்தால் யாரும் கொடி பிடிக்க முடியாது. பெற்றவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பசி என்றால் என்ன என்று தெரியாதவன்தான் அவர்களுக்குப் புத்தி சொல்வான்.

அம்பியைப் போன ஆவணி அவிட்டத்தன்று பார்த்தேன். ஊர் ஊராகக் கல்யாணச் சமையலுக்குப் போனவன், இப்போது மகனோடு இங்கேயே இருக்கிறான். இருபத்தைந்து வயதில் ஒரு டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் அடி பட்டதா என்று கேட்டாராம். 'குளத்தில குதிச்சேன்னு சொல்லிட்டேன்' என்றான். ஏண்டா என்றேன். 'வாத்தியார் பேரு கெட்டுடுமோல்லியோ' என்றான். காது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான் மகன், போட்டுக்கொள்வதில்லை. எப்போதும் எனக்கு இடது பக்கம்தான் வந்து உட்காருவான், வலது காது என் பக்கம் இருக்கும்படி.

அறுபத்து மூன்று வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். 'கூழ் குடிச்சதை வாத்தியார்கிட்ட சொன்னது நான்தான்டா.' கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. பூணூலைச் சரி பண்ணிக்கொண்டே இருந்தான். அப்புறம், 'தெ... தெரியும். உன்னைத் தவிர யார்கிட்ட சொன்னேன்?' என்றான். கொஞ்சம் கழித்து, அதில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள் என்றான்.

என் பெயரைப் போட வேண்டாம். வாத்தியாரின் பேரன் குடும்பம் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. நல்ல மனிதர்கள், என் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வருகிறவர்கள்.

இப்படிக்கு,
அரிசி ஆலை ஓய்வுபெற்ற கணக்கர்,
கும்பகோணம்